கியாரி உள்ள குழந்தையின் கழுத்தெலும்பு: நீலகிரிப் பெற்றோருக்கான கேள்வி பதில்

கியாரி என்றால் சிறுமூளையின் அடிமடல்கள் கழுத்துக்குள் இறங்கி நிற்கும் நிலை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் முதலில் கேட்பது, “எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கு?” என்றுதான். அந்த எண்ணை வைத்து மட்டும் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. மண்டையோட்டின் அடியும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் எப்படி அமைந்திருக்கின்றன, அவை உறுதியாக நிற்கின்றனவா, ஆடுகின்றனவா என்பதையும் பார்த்தாக வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருந்து கோயம்புத்தூருக்கு இறங்கிப் போகும் குடும்பங்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

டான்சில் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். தொண்டையில் இருப்பதா?

இல்லை. சிறுமூளையின் அடியில் இரண்டு பக்கமும் தொங்கும் சிறிய மடல்களுக்கும் டான்சில் என்றே பெயர். மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் வெளியே வரும் பெரிய துளை ஒன்று உண்டு. அந்த மடல்கள் இந்தத் துளையைத் தாண்டிக் கழுத்துக்குள் இறங்கி நிற்பதைத்தான் கியாரி என்கிறோம். சிலர் சியாரி என்றும் எழுதுவார்கள். 1891-இல் ஹான்ஸ் கியாரி என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இதை வகைப்படுத்தி எழுதினார். இங்கே பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி. இரண்டாம் வகை, முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளோடு சேர்ந்து வருவது. அதன் பாதை வேறு.

மூளை இறங்குவதற்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

சின்னப் பாத்திரத்தில் நிறைய மாவை ஊற்றி வைத்தால் பொங்கும்போது எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே வழியும். மண்டையோட்டின் பின்பக்க அறை குழந்தைக்குச் சிறியதாக அமைந்துவிட்டால் நடப்பதும் அதுதான். சிறுமூளையின் அளவு சரியாகவே இருக்கும், அறைதான் போதாது. ஆகவே அது கீழே உள்ள துளை வழியாக இறங்குகிறது. அந்தத் துளையில் மூளைத் தண்டுவடத் திரவம் தாராளமாகப் போய்வர வேண்டும். மடல்கள் அடைத்துக்கொண்டால் ஓட்டம் தடைபடும். நாளடைவில் தண்டுவடத்துக்குள்ளேயே நீர் தேங்கிக் குழாய் போன்ற ஒரு பை உருவாகலாம். இதற்கு சிரிங்க்ஸ் என்று பெயர்.

பின்பக்க அறையின் எலும்பும் மேல்கழுத்து எலும்புகளும் கருவில் பக்கத்துப் பக்கத்துத் திசுக்களிலிருந்து உருவாகின்றவை. அதனால் ஒன்றில் குறை இருந்தால் மற்றொன்றிலும் தேடிப் பார்க்க வேண்டும். எல்லாக் கியாரிக் குழந்தைகளுக்கும் எலும்புக் கோளாறு இருக்காது. ஆனால் யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்கு சிகிச்சையே மாறிப்போகும்.

ரிப்போர்ட்டில் புரியாத சொற்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன?

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மண்டையோடு உட்கார்ந்திருக்கும் வளையம் போன்ற முதல் கழுத்தெலும்புக்கு அட்லஸ் என்று பெயர். அதற்குக் கீழே இரண்டாவது எலும்பு ஆக்சிஸ். ஆக்சிஸின் மேலே விரல்போல ஒரு முளை நிமிர்ந்து, அட்லஸ் வளையத்தின் முன்பாகத்துக்குள் நுழைந்து நிற்கும், அதுதான் ஓடன்டாய்டு. தலையை இடம் வலம் திருப்பும்போது அட்லஸ் இந்த முளையைச் சுற்றித்தான் திரும்புகிறது. முளைக்குப் பின்னாலேயே தண்டுவடம் போகிறது.

‘பேசிலர் இன்வாஜினேஷன்’ என்றிருந்தால் அந்த முளை இருக்க வேண்டிய மட்டத்தைவிட மேலே ஏறி மண்டையோட்டின் துளைக்குள் புகுந்திருக்கிறது என்று பொருள். வாயின் மேலண்ணத்தின் பின்முனையிலிருந்து துளையின் பின்விளிம்பு வரை ஒரு கோடு போடுவார்கள். இதற்குச் சேம்பர்லின் கோடு என்று பெயர். முளையின் நுனி இந்தக் கோட்டுக்கு மேல் 5 மி.மீ.க்கும் அதிகமாக இருந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். ‘பிளாட்டிபேசியா’ என்பது மண்டையோட்டின் அடித்தளம் தட்டையாகிவிட்டதைக் குறிக்கும். அதன் கோணம் சுமார் 145 டிகிரியைத் தாண்டியிருக்கும். ‘அட்லஸ் அசிமிலேஷன்’ என்றால் முதல் கழுத்தெலும்பு மண்டையோட்டோடு ஒட்டியே பிறந்திருக்கிறது. ‘கிளிப்பல்-ஃபெய்ல்’ என்றால் கழுத்தெலும்புகளில் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கழுத்து குட்டையாகவும், பிடரி மயிர் வழக்கத்தைவிடக் கீழே வரையும், கழுத்தசைவு குறைவாகவும் இருக்கும். மேலும் கீழும் இப்படி ஒட்டிப்போன எலும்புகள் இருந்தால் இடையில் தனித்து நிற்கும் அட்லஸ்-ஆக்சிஸ் மூட்டு எல்லா அசைவையும் தானே சுமந்து தளர்ந்துவிடும். ரிப்போர்ட்டில் ஒட்டிய எலும்பைப் பார்த்ததும், “நடு மூட்டு ஆடுகிறதா?” என்று கேளுங்கள்.

‘ரெட்ரோஃபிளெக்ஸ்டு ஓடன்டாய்டு’ என்றால் முளை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கிளைவஸ் என்பது மூளைத்தண்டு சாய்ந்து நிற்கும் எலும்புச் சரிவு. அந்தச் சரிவுக்கும் ஆக்சிஸுக்கும் இடையிலுள்ள கோணம் பொதுவாக 150 டிகிரிக்கு மேல் இருக்கும். அது 125-க்குக் கீழே போனால் மூளைத்தண்டு முன்பக்கமிருந்து மடங்கி அழுந்துகிறதா என்று அறுவை மருத்துவர் தீவிரமாக யோசிப்பார். இதே காரணத்துக்காக முளை பின்னால் எவ்வளவு துருத்தியிருக்கிறது என்றும் அளப்பார்கள். அங்கே 9 மி.மீ. என்பது எச்சரிக்கை எல்லை.

மடல்கள் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் ஆபரேஷன் கட்டாயமா?

இல்லை. 5 மி.மீ. என்பது பெயர் சூட்டுவதற்கான எல்லை மட்டுமே. 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 6 மி.மீ. வரை இறங்கியிருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, அறிகுறி இல்லை, சிரிங்க்ஸ் இல்லை, எலும்பும் ஒழுங்காக இருக்கிறது என்றால் 6 முதல் 12 மாதத்தில் மறுபடி பார்த்து, பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே போவார்கள். மாறாக 4 மி.மீ. இறக்கமும் பின்னால் சாய்ந்த முளையும் உள்ள குழந்தைக்கு விழுங்குவதே சிரமமாக இருக்கலாம். அந்தக் குழந்தையை எண்ணைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூளைக்குள் நீர் கோத்து அழுத்தம் ஏறினாலும், முதுகில் திரவம் கசிந்து அழுத்தம் குறைந்தாலும் மடல்கள் இறங்கும். அப்போது மூலக் காரணத்துக்குத்தான் முதலில் வைத்தியம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சொல்கிறார்கள் என்றால், கியாரி ரிப்போர்ட்டைக் காட்டாமல் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

வயதைப் பொறுத்தது. 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தலைவலி என்று சொல்லாது. பால் குடிக்கும்போது புரையேறுவது, மூக்கு வழியாகப் பால் வருவது, எடை ஏறாதது, தூக்கத்தில் பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும், கழுத்தைப் பின்னால் வில்லாக வளைத்து அழுவது ஆகியவை அந்த வயதின் அடையாளங்கள்.

பெரிய குழந்தைக்குப் பிடரியில் வலி வரும். இருமினால், தும்மினால், பலமாகச் சிரித்தால், மலம் கழிக்க முக்கினால் சட்டென்று தொடங்கி, சில விநாடியோ சில நிமிடமோ இருந்து அடங்கும். சளியும் இருமலும் அடிக்கடி வரும் ஊரில் இதை “இருமல் தலைவலி” என்று விட்டுவிடுவது எளிது. நெற்றியில் வலித்து மணிக்கணக்கில் நீடித்தால் வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். பிடரியில், இருமிய அந்த நொடியில் வலித்தால் மருத்துவரிடம் அப்படியே அந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.

முதுகு வளைவும் ஒரு முக்கியமான தடயம். 10 வயதுக்கு முன்பே வந்த வளைவு, நெஞ்சுப் பகுதியில் இடப்பக்கம் புடைத்த வளைவு, வேகமாகக் கூடும் வளைவு ஆகியவற்றுக்கு பெல்ட் போடும் முன் முழு முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். உள்ளே சிரிங்க்ஸ் இருக்கலாம்.

சிரிங்க்ஸ் உள்ள குழந்தைக்குக் கையில் சூடும் வலியும் தெரியாமல் போகலாம். தொடுவது மட்டும் தெரியும். நம் வீடுகளில் டிசம்பர், ஜனவரியில் நெருப்புச் சட்டியைச் சுற்றித்தான் எல்லாரும் உட்காருவோம். மற்ற பிள்ளைகள் கையை இழுத்துக்கொள்ளும் தூரத்தில் ஒரு பிள்ளை மட்டும் அசையாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தால், விரல் நுனியில் கொப்புளம் இருந்தும் எப்போது சுட்டது என்று அதற்கே தெரியாவிட்டால், அதைப் பொறுமைசாலி என்று பாராட்டிவிட வேண்டாம். இரண்டு கைகளின் விரல்களையும் வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். பழைய தழும்புகள், ஒரு கையின் தசை மெலிந்திருப்பது, பட்டன் போடத் தடுமாறுவது எல்லாம் சேர்ந்தே இருக்கலாம்.

தூக்கத்தில் மூச்சு நின்று நீலம் பாய்ந்தால், கை கால் திடீரெனத் தளர்ந்தால், நடக்கும்போது நினைவு மாறாமல் பொத்தென்று விழுந்தால், சிறுநீர் போக முடியாமல் போனால் 108-ஐ அழையுங்கள். ‘கழுத்தெலும்புக் கோளாறு உள்ள குழந்தை’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஊட்டியின் உயரமும் குளிரும் காரணமா?

இல்லை. எலும்பின் அமைப்பு பெரும்பாலும் கருவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரம் கியாரியை உண்டாக்காது. ஊரை விட்டுக் கீழே குடிபோக வேண்டியதில்லை.

பிறந்த பின் எலும்பு மென்மையாகி மண்டையோட்டின் அடி உள்வாங்குவதும் உண்டு. ரிக்கெட்ஸ் அப்படிச் செய்யும். கால் வளைந்து, மணிக்கட்டு புடைத்து, பல் தாமதமாக முளைத்த குழந்தைக்கு கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி எலும்பு முறியும் குழந்தைக்கும், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கும் மேல்கழுத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

என்னென்ன ஸ்கேன் தேவை? ஒரு எம்.ஆர்.ஐ. போதாதா?

எம்.ஆர்.ஐ. மூளையையும் தண்டுவடத்தையும் காட்டும். எலும்பின் நுணுக்கம் சி.டி.யில்தான் தெளிவு. மூட்டு ஆடுகிறதா என்பதை இரண்டுமே சரியாகச் சொல்லாது. அதற்குக் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே வேண்டும். குழந்தை தானாக எவ்வளவு குனிகிறதோ அவ்வளவுதான். யாரும் தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது. அட்லஸின் முன்வளைவுக்கும் முளைக்கும் இடையிலான இடைவெளி சிறு குழந்தைக்கு 5 மி.மீ. வரை இருக்கலாம். பெரியவர்களுக்கு அது 3.

எம்.ஆர்.ஐ.யைத் தலையோடு நிறுத்தாமல் முழு முதுகுத்தண்டுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். தலை மட்டும் எடுத்துவிட்டு, சிரிங்க்ஸுக்காக மறுபடி மயக்கம் கொடுத்து எடுப்பது குழந்தைக்கு வீண் சிரமம். சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு. ஒருமுறை மெல்லிய துண்டுகளாக எடுத்து, படங்கள் பதிந்த கணினித் தகட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் அடுத்த இடத்தில் மீண்டும் எடுக்க வேண்டியிராது. அச்சிட்ட பிலிமில் கோணத்தைச் சரியாக அளப்பது கடினம். தகடு கேட்டு வாங்குங்கள்.

சில தோற்றங்கள் குழந்தைக்கு இயல்பானவை. ஓடன்டாய்டின் அடியில் தெரியும் கருப்புக் கோடு பெரும்பாலும் இன்னும் எலும்பாகி ஒன்றுசேராத வளர்தளம்தான். முறிவு என்று பயப்பட வேண்டாம். 8 வயதுக்குள் இரண்டாம் எலும்பு மூன்றாம் எலும்பின் மேல் சற்று முன்னே நகர்ந்தாற்போல் தெரிவதும் அப்படித்தான். குழந்தைகளின் படம் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

மயக்கம் கொடுத்து ஸ்கேன் என்றால் எப்படிக் கிளம்புவது?

திட உணவும் பசும்பால், பவுடர் பாலும் 6 மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன். தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன். காலை 9 மணிக்கு ஸ்கேன் என்றால் இரவுச் சாப்பாடுதான் கடைசி. பவுடர் பால் 3 மணிக்குள், தாய்ப்பால் 5 மணிக்குள், தண்ணீர் 7 மணிக்குள். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஊட்டியிலிருந்து கோவைக்குச் சுமார் 3 மணி நேரப் பயணம், கொண்டை ஊசி வளைவுகள் வேறு. வெறும் வயிற்றோடு அந்த வளைவுகளில் இறங்குவது சின்னக் குழந்தைக்குக் கொடுமை. முடிந்தால் முந்தின இரவே கீழே தங்கிவிடுங்கள்.

காய்ச்சலும் சளியும் இருந்தால் மயக்க மருத்துவர் தள்ளிவைப்பார். இறங்கும் முன் போன் செய்து கேளுங்கள். அரைஞாண், கொலுசு, தாயத்து, தோடு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

பழங்குடிக் குடும்பங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: அரிவாள் செல் சோகை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் இது முதன்முதலில் 1952-இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். நீர்ச்சத்துக் குறைவும், குளிரும், மயக்கத்தின்போது ஆக்சிஜன் குறைவதும் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. பரிசோதனை ஆகவில்லை என்றால் ஸ்கேன் தேதிக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். ஆகியிருந்தால் அந்த அட்டையை மயக்க மருத்துவர் கையில் கொடுங்கள்.

ஒரு டாக்டர் பின்னால் எலும்பை எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டும் வெவ்வேறு கோளாறுக்கான வைத்தியம். முதலாவதில் பிடரி எலும்பில் சுமார் 3 செ.மீ. அகலத்துக்கு எடுத்து, அட்லஸின் பின்வளைவையும் நீக்கி, தேவைப்பட்டால் மூளையுறையைத் திறந்து ஒட்டுத்துண்டு வைத்துப் பெரிதாக்குவார்கள். இறுக்கம் பின்பக்கம் மட்டும் இருந்து மூட்டு உறுதியாக இருந்தால் இதுவே போதும். பலருக்கு இருமல் தலைவலி குறையும். சிரிங்க்ஸ் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும்.

மூட்டு ஆடும் குழந்தைக்கு இதை மட்டும் செய்தால், கழுத்தைப் பின்னாலிருந்து தாங்கிய எலும்பும் தசையும் போய் ஆட்டம் கூடும். முளை முன்னாலிருந்து அழுத்திக்கொண்டிருந்தால் பின்னால் திறந்துவிட்டும் அழுத்தம் அப்படியே இருக்கும். இரண்டாவது ஆபரேஷனுக்கு வரும் குழந்தைகளில் ஒரு பகுதியினரின் கதை இதுதான். இவர்களுக்கு அட்லஸையும் ஆக்சிஸையும், சிலருக்கு மண்டையோட்டையும் சேர்த்து, ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இணைக்க வேண்டும்.

இதில் இந்தியாவின் பங்கு பெரிது. அட்லஸின் பக்கவாட்டிலும் ஆக்சிஸிலும் ஸ்க்ரூ போட்டு இணைக்கும் முறையை மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994-இல் வெளியிட்டார். பிறகு உலகெங்கும் பரவியது. கியாரி எல்லாமே அட்லஸ்-ஆக்சிஸ் ஆட்டத்தின் விளைவுதான் என்பதும் அவர் கருத்து. அதை எல்லா அறுவை மருத்துவர்களும் ஏற்கவில்லை. எங்கள் பார்வையில், ஆட்டமோ முன்பக்க அழுத்தமோ படத்தில் தெரியாத குழந்தைக்கு இணைப்பு முதல் தேர்வாக வேண்டாம். மருத்துவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: குனிந்து நிமிர்ந்த எக்ஸ்ரேயில் மூட்டு ஆடியதா? முன்பக்க அழுத்தம் உண்டா? ஸ்க்ரூ போடுவதென்றால் அந்த வழியில் ரத்தக்குழாய் எப்படிப் போகிறது என்று பார்த்தாயிற்றா? பிறவியிலேயே எலும்பு மாறிய குழந்தைகளுக்கு அந்த ரத்தக்குழாயும் தடம் மாறி ஓடுவதுண்டு.

ஆபரேஷன் முடிந்து எப்போது மலை ஏறலாம்?

வார்டிலிருந்து அனுப்பியதும் நேராக ஏறிவிடாதீர்கள். திரவக் கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். தையல் பிரிக்கும்வரை கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. தலையணை உறை காலையில் தெளிந்த நீரால் நனைந்திருந்தால், பிடரியில் வீக்கம் அழும்போது பெரிதானால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் அன்றே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். உள்ளூரிலேயே ஒரு கட்டு போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஏறும் நாளில் வாந்திக்கான மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். வாந்தி எடுப்பதும் முக்குவதும் தையலின் உள்ளே அழுத்தத்தை ஏற்றும். டிரைவரிடம் வளைவில் நிதானமாகத் திருப்பச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வராமல் தண்ணீர், பேரிக்காய், பிளம்ஸ் கொடுங்கள்.

கழுத்தை இணைத்த குழந்தையின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

தலை திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி அட்லஸ்-ஆக்சிஸ் மூட்டில்தான் நடக்கிறது. அது போய்விடும். மீதியை வைத்துக் குழந்தை உடம்போடு திரும்பப் பழகிக்கொள்ளும். ஆனால் நடைபாதை இல்லாத நம் சாலைகளில் பின்னால் வரும் வண்டியைத் தலை மட்டும் திருப்பிப் பார்க்க முடியாது என்பதை அதற்குச் சொல்லிக் கொடுங்கள். நின்று, முழு உடம்பையும் திருப்பிப் பார்த்துவிட்டே கடக்க வேண்டும்.

இணைத்த எலும்புகள் ஒன்றுசேர மாதங்கள் ஆகும். அதுவரை காலரோ, தலையைச் சுற்றி வளையமும் நெஞ்சில் கவசமும் உள்ள ஹாலோவோ இருக்கும். ஹாலோவோடு தலை வழியாக ஸ்வெட்டர் போட முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே முன்பக்கம் முழுக்கத் திறக்கும், இரண்டு அளவு பெரிய ஸ்வெட்டர் இரண்டு வாங்கி வையுங்கள். வளையத்தைத் தலையோடு பிடித்திருக்கும் முள் உள்ள இடங்களைத் தினமும் சொல்லித் தந்தபடி சுத்தம் செய்து, சீழோ சிவப்போ இருந்தால் போனில் படம் எடுத்து அனுப்புங்கள்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

மூட்டு ஆட்டம் உள்ள குழந்தைக்குக் குட்டிக்கரணம், சிரசாசனம், பந்தைத் தலையால் முட்டுவது, கபடி, தலையைப் பிடித்துத் தூக்கி விளையாடுவது கூடாது. தலைச்சுமையும் கூடாது: விறகு, தண்ணீர்க் குடம், கொழுந்து மூட்டையின் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமப்பது எல்லாம் அடங்கும். முடி வெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதையும், சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுப்பதையும் அறவே நிறுத்துங்கள். ஒரே திருப்பில் கை கால் செயலிழக்கக் கூடும். பி.டி. ஆசிரியருக்கு மருத்துவர் எழுதிய கடிதம் கொடுங்கள். ஓட்டம், நடை, கேரம் எல்லாம் தாராளமாக ஆடட்டும். மூட்டு உறுதியாக இருக்கும் குழந்தையை இப்படிக் கட்டிப்போட வேண்டியதில்லை.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்க வேண்டியிருப்பதால் கலெக்டர் அலுவலகத்தில் அட்டை எடுக்கும் வேலையை ஸ்கேன் நாட்களிலேயே முடித்துவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று கையில் இருக்கட்டும். ஸ்க்ரூ, கம்பியின் விலை பேக்கேஜுக்குள் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டினால் அவர்களே மேல்சிகிச்சைக்கு எழுதித் தருவார்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

முதல் வகை கியாரி பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவரோடு நிற்கும். சில குடும்பங்களில் மட்டும் தொடர்கிறது. அண்ணன் தம்பிகளுக்கு அறிகுறி இல்லாமல் ஸ்கேன் எடுக்க வேண்டாம். ஆனால் கிளிப்பல்-ஃபெய்ல் போன்ற எலும்புக் கோளாறு இருந்தால் அந்தக் குழந்தைக்கே சிறுநீரக அல்ட்ராசவுண்டும், காது, இதயப் பரிசோதனையும் செய்யுங்கள். அவையும் சேர்ந்து பாதிக்கப்படுவதுண்டு. முதுகுத்தண்டு மூடாத, இரண்டாம் வகைக் குழந்தை பிறந்த தாய்க்கு ஃபோலிக் அமிலம் வழக்கமான 400 மைக்ரோகிராம் போதாது. மருத்துவர் எழுதித் தரும் அதிக அளவு, அதாவது தினம் 4 அல்லது 5 மில்லிகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்கி முதல் 12 வாரம் வரை எடுக்க வேண்டும். கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் தாமதம், ஏனெனில் குழந்தையின் முதுகு மூடுவது கரு உருவான நான்காம் வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.